நூற்றெண்பத்தேழாம் சுற்றும் ஒரு சேனலின் வரலாறும்

டர்ன் ஃபோர் என்ற தொலைக்காட்சிச் சேனலின் அதிகாரபூர்வ வரலாறு மொத்தம் பதினோரு முறை எழுதப்பட்டது. பதினோரு முறையும் எழுதியவள் வெர்னெல் டெலிஞ்சர். முதல் பிரதி நாற்பது பக்கம். கார் பந்தயத்தைத் தவிர அதில் வேறு பேச்சில்லை. பதினோராவது பிரதி ஒன்றேகால் பக்கம். பந்தயம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. இது பன்னிரண்டாவது. இதை யாரும் எழுதச் சொல்லவில்லை, அதனால் யாரும் திருத்தவும் இல்லை.

வெர்னெல் எழுத்தாளர் அல்ல. வட கரோலினாவில் ஹாவ்ஸ் க்ரீக் என்ற ஊரில் காலுறை ஆலையில் வேலை பார்த்தவள். சனிக்கிழமைகளில் ஊர் எல்லையில் இருந்த மண் தடத்தில் சுற்று எண்ணுவாள். அந்தக் காலத்தில் வண்டிகளை எண்ணக் கருவி கிடையாது. ஒரு வண்டிக்கு ஓர் ஆள், அதுவும் பெரும்பாலும் ஓட்டுகிறவனின் பெண்டாட்டி அல்லது கூடப்பிறந்தவள். முடிவுக் கோட்டுக்கு எதிரே பலகை மேடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒன்றிலிருந்து இருநூறு வரை எண்கள் அச்சடித்த அட்டை. தன் வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஓர் எண்ணைப் பென்சிலால் அடிக்க வேண்டும். பக்கத்து வண்டியைப் பார்க்கக் கூடாது, கைதட்டக் கூடாது, எழுந்திருக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு: கண்ணால் பார்க்காத சுற்றை அடிக்கக் கூடாது. வண்டி எத்தனை சுற்று ஓடியிருந்தாலும் அட்டையில் அடிபட்டதுதான் செல்லும்.

1974 ஆகஸ்டில் நடந்த இருநூறு சுற்றுப் பந்தயத்தில் அவள் தன் அண்ணன் ஹாய்ட்டின் ஐம்பத்தெட்டாம் எண் வண்டிக்கு எண்ணினாள். ஹாய்ட் ஆறு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தான், ஒன்றுகூட ஜெயித்ததில்லை. அன்றைக்கு 186 அடித்து முடித்த கையோடு, இரண்டாம் வளைவில் வெளிப்பக்கமாக ஏறி, முன்னால் போய்க்கொண்டிருந்த பன்னிரண்டாம் எண் வண்டியை அவன் முந்தினான். வெர்னெல் எழுந்து நின்றுவிட்டாள். குதித்தாள் என்றும் சொல்கிறார்கள். பென்சில் கையை விட்டுப் போய் பலகை இடுக்கில் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது வண்டி இரண்டாம் வளைவில் இருந்தது. ஒரு சுற்று முடித்து மறுபடி வந்திருக்கிறதா, இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தடத்தில் ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது நொடிதான். பார்க்காததை அடிக்கக் கூடாது என்பதால் அவள் அடிக்கவில்லை.

கடைசியில் ஹாய்ட்தான் முதலில் கோட்டைத் தாண்டினான். பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி அவனுக்கு விழவில்லை, பின்னால் வந்த பன்னிரண்டுக்கு விழுந்தது. அட்டைப்படி ஹாய்ட் 199. இரண்டாமிடம். ஆட்சேபம் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று விதி. ஹாய்ட் கொடுக்கவில்லை. வண்டியை இழுவையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அடுத்த சனிக்கிழமையும் தங்கையைத்தான் எண்ணச் சொன்னான். அதற்கப்புறமும் அவன் எதையும் ஜெயிக்கவில்லை, அந்தச் சுற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவன் திட்டியிருந்தால் அவள் நன்றாகத் தூங்கியிருப்பாள்.

அந்தப் பந்தயம் முழுவதும் படத்தில் இருந்தது. ஊரில் ஆம்புலன்ஸ் கிடையாது, அடக்கச் சடங்கு செய்யும் லட்விக்கின் சவ வண்டிதான் பந்தயத்துக்கு வந்து நிற்கும். யாரும் சாகாத நாட்களில் லட்விக்குக்கு வேலை இல்லை. அதனால் இரண்டு கேமராக்களை வைத்துக்கொண்டு, ஒன்றில் சுருள் தீர்ந்தால் மற்றதில் என்று, ஒரு நொடி விடாமல் படம் பிடிப்பார். எதையும் நிதானமாகச் செய்கிற மனிதர், தொழில் அப்படி. ஆனால் அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பதற்குள் அவரே போய்விட்டார். ஆறு டப்பாக்கள் அவருடைய நிலவறையில் இருபது வருடம் கிடந்து, சுருள் சுருங்கி, வீட்டுக் கருவியில் ஓட்டினால் நொறுங்கிவிடும் என்ற நிலைக்கு வந்தன.

1996இல் டயர் வியாபாரி பர்ல் ஸ்ட்ரூப் மூடிக்கிடந்த காலுறை ஆலையை வாங்கிக் கூரைமேல் பெரிய ஆண்டெனாவை நட்டார். இருபத்துநாலு மணி நேரமும் பந்தயம் மட்டும் காட்டும் கேபிள் சேனல், அதுதான் டர்ன் ஃபோர், அதாவது நாலாம் வளைவு. திறப்பு விழாவில் ஒரு பழைய எஞ்சின்மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்தார். பாதிரியார் பக்கத்தில் பைபிளோடு நின்றுகொண்டிருந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை.

"மத்த சேனல்காரன் என்ன காட்டுறான்? கடைசி அஞ்சு சுத்து காட்டுறான், முட்டி மோதுனத காட்டுறான். நாம அப்படியில்ல. முதல் சுத்துல இருந்து கடைசி சுத்து வரைக்கும் காட்டுவோம். மழை பேஞ்சு வண்டி நின்னா, நிக்குற வண்டிய காட்டுவோம். தடம் காயுறத காட்டுவோம். வெட்டுனா என் கைய வெட்டு," என்றார் பர்ல்.

ஊர் அழுதது. அடுத்த வாரம் அவர் வெர்னெல்லைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏ தங்கச்சி, திரை மூலையில சுத்து எண்ணிக்கை காட்டணும். உன்ன விட்டா ஆள் யாரு? வேலைக்கு வந்துடு. அப்புறம் அந்த லட்விக் படம். அவர் சம்சாரம் உன் பேச்சத்தான் கேக்கும். நம்மகிட்ட சுத்தம் பண்ற மெஷின் இருக்கு."

"முழுசா காட்டுவீங்களா?"

"ஒரு சுத்து குறையாம. ஊரே உக்காந்து எண்ணட்டும். உங்கண்ணன் ஜெயிச்சானா இல்லையான்னு உலகமே பாக்கட்டும்."

வெர்னெல் லட்விக்கின் விதவை ஓமாவிடம் போனாள். ஓமா அம்மாள் டப்பாக்களைத் துடைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "உன்ன நம்பித்தான் தரேன், அவங்கள எனக்குத் தெரியாது," என்றாள். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாள். இந்தப் படத்தின் உரிமை பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும் சேனலுக்கே என்று அதில் இருந்தது. பிரபஞ்சம் எதற்கு என்று ஓமா அம்மாள் கேட்டாள். வக்கீல்கள் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று வெர்னெல் சமாதானம் சொன்னாள்.

முதல் ஐந்து வருடம் சேனல் சொன்னபடி நடந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மழை நாளில் இரண்டரை மணி நேரம் தடம் காய்வதைக் காட்டினார்கள். ஹாவ்ஸ் க்ரீக்கில் ஒருவரும் வேறு சேனலுக்கு மாறவில்லை. மூன்றாம் வளைவில் ஈரம் நிற்கிறது என்று ஹாய்ட் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னான், அதையும் வர்ணனையாளர் மரியாதையாக வாசித்தார்.

லட்விக் படம் மட்டும் வரவில்லை. முதலில் குளிரறை வேண்டும் என்றார்கள். குளிரறை கட்டினார்கள். ஆண்டு விழாவுக்கு வாங்கிய பன்றி இறைச்சியை ஒரு வாரம் அதில் வைத்தார்கள். பிறகு இறைச்சிக்கு அந்த இடம் பழகிவிட்டது. பிறகு ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். அதன் தலைவர் வெர்னெல்லுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"பழைய படத்தை ஒரு தடவை ஓட்டினா கொஞ்சம் தேயும் மேடம். ஓட்டலேன்னா தேயாது. நாங்க இது வரைக்கும் ஒரு தடவைகூட ஓட்டல. அவ்வளவு பாதுகாப்பா வெச்சிருக்கோம்."

"யாரும் பாக்கலன்னா எதுக்கு சார் பாதுகாக்கணும்?"

"பிற்காலத்துல பாக்க."

"பிற்காலத்துல ஓட்டுனா தேயாதா?"

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பிற்காலத்திலும் ஓட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

2001இல் பர்ல் சேனலை நியூயார்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். விற்றார் என்று சொல்லக் கூடாதாம். "நான் என் குழந்தைய விக்கல. அத பெரிய ஸ்கூல்ல சேத்திருக்கேன்," என்று கண்ணீர் மல்கப் பேசினார். குழந்தையைப் பள்ளியில் சேர்த்த கையோடு ஃப்ளோரிடாவில் ஒரு படகு வாங்கினார். வெட்டுவதாகச் சொன்ன கையால்தான் வழியனுப்ப வந்தவர்களுக்கு டாட்டா காட்டினார்.

நியூயார்க்கிலிருந்து துணைத் தலைவராக வந்தவர் ப்ரெஸ்டன் ஆல்கட். சுத்தமான காலணி போட்டவர், எல்லோரையும் முதல் பெயரால் கூப்பிடுகிறவர், எதற்கும் கோபப்படாதவர். முதல் கூட்டத்தில் ஒரு பந்தயத்தை இருபது நிமிடம் கவனித்துவிட்டு, "எல்லாரும் ஏன் இடது பக்கமே திரும்புறாங்க? வலது பக்கத்தை விரும்புற பார்வையாளர்களை நாம இழக்கறோமோ?" என்று கேட்டார். அறையில் இருந்த ஒன்பது பேர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். வெர்னெல் சிரித்தாள். சிரித்தவள் அவள் ஒருத்திதான் என்று கண்டு இருமலாக மாற்றிக்கொண்டாள்.

பிறகு ஆய்வு நடத்தினார்கள். ஷார்லட்டில் ஒரு கடைத்தொகுதியில் முப்பது பேரை உட்கார வைத்து, விரலில் கம்பி மாட்டி, பந்தயம் காட்டி, நாடித்துடிப்பை அளந்தார்கள். வண்டி ஓடும்போது நாடி சும்மா இருந்தது, வண்டி நிற்கும்போது ஏறியது. ஆக, பந்தயத்தில் மக்களுக்குப் பிடிக்காத ஒரே பகுதி வண்டி ஓடுவதுதான் என்று முடிவாயிற்று. அதிலிருந்து சேனலில் ஓடாத வண்டிகள் பெருகின. பட்டறையில் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு ரேடியேட்டருக்காகச் சண்டை போட்டார்கள். அவர்கள் அண்ணன் தம்பிகள் அல்ல, ரேடியேட்டரும் வேலை செய்யாது.

அந்த நிகழ்ச்சி ஓஹோ என்று போனதும் ப்ரெஸ்டன் வெர்னெல்லைத் தன் அறைக்கு அழைத்தார்.

"வெர்னெல், உங்க கதையக் கேட்டேன். நீங்க உங்க அண்ணனைத் தோக்கடிச்சீங்க. அற்புதம். ரெண்டு பேரையும் வெச்சு ஒரு தொடர் பண்ணலாம். நீங்க அழுவீங்க, அவர் கத்துவார்."

"அவன் கத்த மாட்டான் சார்."

"முப்பது வருஷமா கோவம் இருக்காதா?"

"இருந்தா சொல்லியிருப்பான்."

"சொல்லாததுதான் கோவம். அதை வெளிய கொண்டுவர எங்க ஆள் உதவி பண்ணுவார்."

"அந்த லட்விக் படம் சார்?"

"தொடரோட உச்சக்கட்டம் அதுதான்."

அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஒப்புக்கொண்டாள். ஹாய்ட்டின் கொட்டகையில் ஒன்பது நாள் படம் பிடித்தார்கள். "என் வாழ்க்கையையே கெடுத்துட்டாளே" என்று சொல்லச் சொன்னபோது ஹாய்ட் கேமராவைப் பார்த்து, "அந்த விளக்கு சூட்டுல என் பெயிண்ட் உரியுது, கொஞ்சம் நவுத்துங்கப்பா," என்றான். நீங்கள் அந்தச் சுற்றை விட்டீர்களா என்று கேட்டபோது வெர்னெல், "தெரியல, பாக்கல," என்றாள். ஒன்பது முறை எடுத்தும் ஒன்பது முறையும் அதையேதான் சொன்னாள். போதிய வெறுப்பு இல்லை என்று குறிப்பெழுதித் தொடரைக் கைவிட்டார்கள். உச்சக்கட்டமும் அதோடு போயிற்று.

அடுத்து அவளுடைய வேலை போயிற்று. வேலையை விட்டு எடுக்கவில்லை, வேலையை மட்டும் எடுத்தார்கள். திரை மூலையில் சுற்று எண்ணிக்கை தெரிந்தால் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போட்டு ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்களாம். எண்ணிக்கையை நீக்கினார்கள். இரண்டே மாதத்தில் ஒரு பந்தயம் முடிந்து கால் மணி நேரம் கழித்துத்தான் வர்ணனையாளருக்கு அது தெரியவந்தது. அதுவரை வண்டிகள் கொட்டகைக்குத் திரும்புவதைப் புதிய உத்தி என்று விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்வையாளர் எண்ணிக்கை கூடியிருந்தது என்று ப்ரெஸ்டன் எல்லோருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தார்.

வெர்னெல்லைப் பாரம்பரியப் பிரிவுக்கு மாற்றினார்கள். பாரம்பரியப் பிரிவு என்பது குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அங்கேதான் அவள் வரலாறு எழுதினாள். நாற்பது பக்கத்தை வாசித்துவிட்டு ப்ரெஸ்டன், "உணர்ச்சி இருக்கு. ஆனா கார் ரொம்ப இருக்கு," என்றார். இரண்டாவது பிரதியில் காரைக் குறைத்தாள். நாலாவதில் மண் தடத்தை எடுத்தாள், மண் என்றால் விளம்பரதாரர்களுக்கு அழுக்கு ஞாபகம் வருகிறதாம். ஆறாவதில் தோற்றவர்கள் போனார்கள். ஏழாவதில், தோற்றவர்கள் இல்லாமல் ஜெயித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று குழப்பம் வந்ததால் அவர்களும் போனார்கள். பதினோராவது பிரதி இப்படி ஆரம்பித்தது: "தொடக்கத்திலிருந்தே இந்தச் சேனல் நகர்வு பற்றிய ஓர் உரையாடலாக இருந்துவந்திருக்கிறது." இதற்கு அவளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.

எழுதினாளே, வெட்கமாக இல்லையா என்று கேட்கலாம். ஓமா அம்மாள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், எல்லோர் முன்னாலும், "என் புருஷன் படம் எங்கடி?" என்று கேட்டாள். அந்த ஆறு டப்பாக்களும் சேனலில் இருக்கும்வரை தானும் சேனலில் இருக்க வேண்டும் என்று மட்டும் வெர்னெல்லுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஹாய்ட்டுக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது. ஆலைப் பஞ்சு அவன் நுரையீரலை அடைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தான். டாக்டர் வருடக் கணக்கில் பேசுவதை நிறுத்தி மாதக் கணக்குக்கு வந்திருந்தார்.

2013 மார்ச்சில் ப்ரெஸ்டன் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"நண்பர்களே, ஒரு நல்ல செய்தி. நம்ம சேனலோட பார்வையாளர்கள் எல்லாருக்கும் பொதுவா இருக்கற ஒரே விஷயம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டோம். எல்லாரும் சாப்பிடறாங்க. அதனால வர்ற சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிலேர்ந்து நாம கேக் சேனல். யாரும் இதை முடிவுன்னு நினைக்க வேண்டாம். கேக்கும் வட்டமாத்தான் இருக்கு."

ஒருவன் கைதட்டினான், பிறகு எல்லோரும் தட்டினார்கள். வெர்னெல் எழுந்து நின்றாள்.

"சார், லட்விக் படம்."

ப்ரெஸ்டன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "அதையே கடைசி நிகழ்ச்சியா போடலாமே. சனிக்கிழமை மத்தியானம். நம்ம பாரம்பரியத்துக்கு மரியாதை."

"முழுசாவா?"

"முழுசா, வெர்னெல். வாக்கு."

பதினேழு வருடம் அங்கே வேலை பார்த்த பிறகும் அவள் அதை நம்பினாள். நம்புவதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லாதபோது மனிதர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

சனிக்கிழமை ஹாய்ட்டின் கொட்டகையில் ஊரில் பாதி கூடியது. அவித்த வேர்க்கடலை ஒரு வாளி, ஈரல் துண்டுகளைப் பொரித்து வைத்த ரொட்டி ஒரு தட்டு. ஓமா அம்மாள் முன்வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடம் இருந்த இடத்தில் இப்போது சாமான் கிடங்கு இருந்ததால், பச்சைக்கொடி விழுந்து பழைய தடம் திரையில் வந்தபோது சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். வெர்னெல் கையில் 1974ஆம் வருடத்து வெற்று அட்டை ஒன்று இருந்தது, பென்சில் இருந்தது, கடிகாரம் இருந்தது. ஹாய்ட்டின் நாற்காலியை ஒட்டி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள்.

விளம்பரம் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். விளம்பரம் முடிந்ததும் படம் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. நாலு விளம்பரம் இப்படிப் போயின, ஒரு சுற்றும் தப்பவில்லை. "பரவால்லையே, மனுசனாயிட்டானுங்க," என்றான் ஹாய்ட். நூற்றறுபதுக்கு அப்புறம் ஒவ்வொரு சுற்றும் கடிகாரத்தில் பத்தொன்பது நொடி சுத்தமாக வந்தது. ஐம்பத்தெட்டாம் எண் இரண்டாவதாக, பன்னிரண்டை மோப்பம் பிடித்துக்கொண்டு போயிற்று. நூற்றெண்பத்துநாலு அடித்தாள். கொட்டகையில் கடலை உரிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

விளம்பரம் வந்தது. லாரி டயர். பிறகு அஞ்சு மணிக்கு வரப்போகும் ஏழடுக்குக் கேக். படம் திரும்பியபோது ஐம்பத்தெட்டாம் எண் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தது.

அவன் முந்திய இடம் வரவே இல்லை. வெர்னெல் எழுந்திருக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் அடித்தாள். ஹாய்ட் கோட்டைத் தாண்டி, பின்னால் வந்த பன்னிரண்டுக்குக் கொடி விழுந்தபோது அட்டையில் அடிபட்டிருந்தது 192. திரையில் மணி சரியாக ஐந்து, கேக் வந்தது. ஓமா அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீயும் அவங்களும் ஒண்ணுதான்," என்று வெர்னெல்லிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது நியாயம் என்றுதான் வெர்னெல்லுக்குப் பட்டது.

அட்டையின் பின்பக்கம் அவள் ஆட்சேபம் எழுதினாள். எழுதியதும் காரை எடுத்தாள். அரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி.

ஆலை வாசலில் ஏணி போட்டுப் பழைய பெயர்ப்பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஒரு துண்டு கேக்கை அவள் கையில் கொடுத்தாள். ப்ரெஸ்டன் மாடியில் இருந்தார். ஆட்சேபத்தை முழுக்கப் படித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெர்னெல், மணி அஞ்சு இருபத்திரண்டு. பந்தயப் பிரிவை அஞ்சு மணிக்குக் கலைச்சாச்சு. இதை வாங்கிக்கற அதிகாரம் இப்ப கேக் பிரிவுக்குத்தான். ஆனா உங்களுக்காக நான் பாக்கறேன்." கோப்பில் ஒரு தாளைத் தேடி எடுத்தார். "படம் நிகழ்ச்சி நேரத்தைவிட ரெண்டு நிமிஷம் முப்பத்திரண்டு நொடி நீளம். அஞ்சு மணிக்கு கேக் வந்தே ஆகணும். அதனால எதுவும் நடக்காத ஓர் இடத்தை எடுத்தோம்."

"எதுவும் நடக்காத இடமா?"

"நானே பாத்தேன். மோதல் இல்ல, தீ இல்ல, யாரும் நிக்கக்கூட இல்ல. ஒரு வண்டி இன்னொரு வண்டிக்கு முன்னால போச்சு, அவ்வளவுதான்."

வெர்னெல் கேக்கை மேஜைமேல் வைத்தாள். "அந்தத் துண்டக் குடுங்க. நான் பாத்துக்கறேன்."

"அழிச்சாச்சு. கணினில இடம் அடைக்கும்."

"டப்பா? மூலப்படம்?"

"கணினில ஏத்தினதும் சுருளை அப்புறப்படுத்தணும்னு விதி. ரசாயனக் கழிவு." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒண்ணு சொல்லணும் வெர்னெல். இத்தனை வருஷத்துல இந்த விஷயத்துல உங்களுக்கு இருந்த ஈடுபாடு... நான் பந்தயத்தைப் புரிஞ்சுகிட்டதே உங்களாலதான்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். இரண்டு நிமிடம், முப்பத்திரண்டு நொடி. நூற்றைம்பத்திரண்டு நொடி. கேக் பிரிவின் சீட்டு ஒன்றை எடுத்து அங்கேயே நின்று வகுத்தாள், இரண்டு முறை வகுத்தாள். ப்ரெஸ்டன் பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்கு எதுவும் புரியவில்லை, அவள் வெளியேறும்போது நல்லபடியாக இருக்கச் சொல்லி வாழ்த்தினார்.

கொட்டகையில் ஹாய்ட் மட்டும் இருந்தான். தொலைக்காட்சியில் யாரோ கேக்குக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவன் அதை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தான்.

"ஆட்சேபம் வாங்குனானுங்களா?"

"இல்ல. படமும் போச்சு அண்ணே. எல்லாம் போச்சு." அவள் சீட்டை அவன் மடியில் வைத்தாள். "நூத்தி அம்பத்திரண்டு நொடி வெட்டியிருக்கான். பத்தொம்பதால வகுத்தா எட்டு. நூத்தித் தொண்ணூத்திரண்டும் எட்டும்."

ஹாய்ட் சீட்டில் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தான். "இருநூறு," என்றான்.

"நீ ஜெயிச்சே. நாந்தான் விட்டேன். முப்பத்தொம்பது வருஷம் கழிச்சு, அதை எனக்குச் சொன்னது யாருன்னு பாரு. அத வெட்டுனவன் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. வேற ஒருத்தருக்கும் தெரியாது, இனிமே தெரியவும் போறதில்ல." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கேமரா முன்னால் ஒன்பது நாள் வராத அழுகை.

"அட்டைய எடு. அந்த எட்டையும் அடிச்சுடு."

"நான் பாக்கலியே."

ஹாய்ட் சிரித்தான், சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. "எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள. ரெண்டாம் வளைவுல திரும்புறேன், மேடையில அத்தன பொம்பளையும் குனிஞ்சு உக்காந்திருக்கு, நீ ஒருத்தி மட்டும் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிற. செத்தேன், பென்சில போட்டுட்டான்னு நெனச்சேன். ஆட்சேபம் குடுத்தா உன்ன அந்த மேடையிலயே ஏத்த மாட்டானுங்க. அதான் குடுக்கல."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல." அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு திரையைக் காட்டினான். கேக் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "நீ ஒண்ணு விட்ட, எனக்காக எந்திரிச்சு நின்னு. அவனுங்க எட்டு விட்டானுங்க, உக்காந்துக்கிட்டே."